சுண்ணாம்புத் தவளையும் சென்னை நீர்நிலைகளும்

முன்னுரை

கார்காலத்தின் வரவைத் தமிழ்ப் புலவர்கள் முகிலின் நிறத்தால் மட்டும் அறிவிக்கவில்லை. நிலத்திலிருந்து எழும் ஒலியாலும் அறிவித்தனர். ஐங்குறுநூற்றில் முல்லைத் திணையைப் பாடிய பேயனார், நுணலும் தேரையும் ஒலிக்கத் தொடங்கியதையே கார் தொடங்கியதற்குச் சான்றாகக் காட்டுகிறார். குறுந்தொகையின் 193ஆம் பாடலில் அரிசில்கிழார், குறுகிய வாயையுடைய சுனையில் வாழும் தேரையின் ஒலியைத் தட்டைப்பறையின் ஒலியோடு ஒப்பிடுகிறார். தட்டை என்பது தினைப்புனத்தில் கிளிகளை ஓட்டுவதற்கு மூங்கிலால் செய்யப்பட்ட கருவி. இலக்கணத்தாரும் இவ்வுயிரை மறந்தாரல்லர். நூற்பாக்கள் ஒன்றோடொன்று தொடர்புறும் நிலைகளைக் கூறும் நன்னூலார், இடையில் சிலவற்றை விட்டுத் தாவிச் சென்று பொருந்தும் நிலைக்குத் 'தவளைப் பாய்த்து' என்று பெயரிட்டார்.

மணலுள் மறைந்து கிடப்பது நுணல். சுனையிலும் சுவரிடுக்கிலும் வாழ்வது தேரை. குளத்தில் நீந்துவது தவளை. இவ்வாறு வேறுபடுத்திப் பெயரிட்ட மொழியைப் பயிலும் நாம், இன்று அனைத்தையும் 'தவளை' என்னும் ஒரு சொல்லுள் அடக்கிவிட்டோம். பெயர்களை மறந்தோம், அப்பெயர்களுக்குரிய உயிர்களையும் காணாதொழிந்தோம். இதற்கு என் சொந்த அனுபவம் ஒன்றையே சான்றாகக் கூறலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலை வேளையில், மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த பழைய வீட்டின் பின்கட்டுச் சிமெண்டுத் தொட்டியின் உள்விளிம்பில் கைப்பிடியளவு வெண்ணுரை ஒட்டியிருந்தது. துணி துவைத்தபோது தெறித்த சோப்பு நுரை என்று எண்ணி, ஒரு குவளை நீரை ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிவிட்டேன். பின்னர் விலங்கியல் நூலொன்றைப் புரட்டியபோதுதான், நான் கழுவியது நுரை மட்டுமன்று, நூற்றுக்கணக்கான முட்டைகளைத் தாங்கிய தவளைக்கூடு என்பதை உணர்ந்தேன். அவ்வறியாமைக்குக் கழுவாயாகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. அந்த நுரையைக் கட்டிய தவளையின் உடலமைப்பு, வாழ்க்கை முறை, வாழிடம் ஆகியவற்றையும், சென்னை மாநகரில் அதன் வாழ்வு எதைச் சார்ந்துள்ளது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. நாணல் தவளையும் மரத்தவளையும்

வெப்ப மண்டலத் தவளைகளைப் பற்றிய நூல்களில் நாணல் தவளைகளுக்குச் சிறப்பிடம் உண்டு. இவை ஹைப்பரோலியிடே என்னும் குடும்பத்தைச் சார்ந்தவை. ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கர், செஷெல்ஸ் ஆகிய தீவுகளிலும் மட்டுமே வாழ்பவை. பெரும்பாலானவை இரண்டு முதல் நான்கு செ.மீ. நீளமே உடையவை. நீரோரத்து நாணலிலும் கோரையிலும் ஏறி அமர்ந்து, இரவு முழுவதும் ஆண் தவளைகள் குரலெழுப்பும்.

இக்குடும்பத்தைச் சார்ந்த தவளை ஒன்றுகூட இந்தியாவில் இல்லை. ஆயினும் நீர்மேல் சாய்ந்த தண்டில் ஏறி வாழும் வாழ்க்கை இங்கும் உண்டு. அவ்வாழ்க்கையை வாழ்பவை ராக்கோஃபோரிடே என்னும் வேறொரு குடும்பத்து மரத்தவளைகள். ஒரே வகையான சூழல், உறவு நெருக்கமில்லாத இரு குடும்பங்களையும் ஒத்த வடிவத்துக்குக் கொண்டுவந்துள்ளது. விரல் நுனியில் வட்டில், நீண்ட கால்கள், மெலிந்த இடை ஆகியன இரண்டுக்கும் பொதுவாயின. உயிரியலார் இதனைக் குவிவுப் படிமலர்ச்சி என்பர்.

சென்னைவாசிகள் மிக எளிதாகக் காணத்தக்க மரத்தவளை, பாலிபிடேட்டஸ் மாக்குலேட்டஸ் என்னும் அறிவியற்பெயர் கொண்டது. இந்தியாவெங்கும் பரவலாக வாழும் இவ்வினம் இலங்கை, நேபாளம், வங்காளதேசம் ஆகிய நாடுகளிலும் உண்டு.

2. பெயர் வரலாறு

இத்தவளையை 1830ஆம் ஆண்டில் ஜான் எட்வர்டு கிரே என்னும் ஆங்கில விலங்கியலார் அறிவியலுலகுக்கு அறிமுகப்படுத்தினார். படைத்தலைவர் தாமஸ் ஹார்டுவிக் இந்தியாவில் திரட்டிய ஓவியத் தொகுப்பைக் கொண்டு அவர் வெளியிட்ட நூலில் இது இடம்பெற்றது. 'மாக்குலேட்டஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்குப் புள்ளிகளையுடையது என்று பொருள். 'பாலிபிடேட்டஸ்' என்னும் பேரினப் பெயர் மிகுதியாகத் தாவுவது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. நன்னூலாரின் 'தவளைப் பாய்த்து' இவ்விடத்து நினைவுக்கு வருதல் இயல்பே.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'சுனாம் தவளை' என்னும் பெயர் நமக்கு இன்னும் நெருக்கமானது. 'சுனாம்' என்பது நம் சுண்ணம், சுண்ணாம்பு ஆகிய சொற்களோடு உறவுடையது. கடற்சிப்பிகளைச் சுட்டெடுத்த சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, பளிங்கு போல் மின்னுமாறு மெருகேற்றிய சுவர்கள் பழைய சென்னையின் பெருமைகளுள் ஒன்று. ஐரோப்பியர் அதனை 'மெட்ராஸ் சுனாம்' என்று புகழ்ந்தனர். அத்தகைய வழுவழுப்பான சுவரிலும் வழுக்காமல் ஏறி ஒட்டிக்கொள்வதால் இத்தவளை அப்பெயர் பெற்றது என்பர். நகரத்தின் கட்டடக் கலையும் ஓர் உயிரினத்தின் உடற்கூறும் ஒரே சொல்லில் சந்திக்கின்றன. சுண்ணாம்புத் தவளை என்று தமிழில் வழங்குதல் பொருத்தமுடையது.

3. உடலமைப்பு

ஆண் தவளை ஏறத்தாழ 5 செ.மீ. நீளமும், பெண் தவளை 7 முதல் 8 செ.மீ. வரை நீளமும் உடையன. முதுகின் நிறம் ஒரே தன்மையாய் இராது. பழுப்பு, மஞ்சள் கலந்த பழுப்பு, சாம்பல், சுண்ணாம்பை ஒத்த வெளிர்நிறம் எனச் சூழலுக்கும் வெயிலுக்கும் ஏற்ப மாறும். முதுகில் கருமையான புள்ளிகளோ உடுக்கை போன்ற வடிவமோ காணப்படலாம். எந்நிறத்தில் இருப்பினும் இதனை ஐயமற அறிவதற்கு ஓர் அடையாளம் உண்டு. தொடையின் பின்புறத்தில், கரும்பழுப்பு வலைப்பின்னலின் நடுவே வட்டமான மஞ்சள் புள்ளிகள் அமைந்திருக்கும். தவளை கால் மடக்கி அமர்ந்திருக்கையில் இவை மறைந்திருக்கும். தாவும்போது ஒரு நொடி மின்னி மறையும்.

விரல் நுனியிலுள்ள வட்டில்களே இதன் தனிச்சிறப்பு. வட்டிலின் மேற்றோலை நுண்ணோக்கியால் நோக்கின், தேனடை போன்று அறுகோண வடிவிலான உயிரணுக்கள் வரிசையாகத் தோன்றும். அவற்றின் இடையே நுண்ணிய வாய்க்கால்கள் ஓடுகின்றன. அவ்வாய்க்கால்களில் கோழைநீர் பரவி, விரலுக்கும் சுவருக்கும் இடையே மெல்லிய படலமாகிறது. நனைந்த இரு கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை நாம் அறிவோம். ஏறத்தாழ அதே இயல்பே தவளையைச் சுவரில் தாங்குகிறது. பல்லியின் விரலில் கோழைநீர் இல்லை. அது நுண்மயிர்களின் துணையால் உலர்ந்தவாறே ஒட்டும். ஒரே சுவரில் அருகருகே இருக்கும் பல்லியும் தவளையும் வெவ்வேறு இயற்பியல் விதிகளைக் கையாள்கின்றன என்பது வியப்பன்றோ! மேலும், இத்தவளையின் விரலின் கடைசி இரு எலும்புகளுக்கும் இடையே ஒரு சிறு குருத்தெலும்பு உண்டு. உடல் எவ்வாறு திரும்பினும் வட்டில் சுவரோடு படிந்திருக்க அது உதவுகிறது.

4. கோடையை வெல்லும் வழி

தவளையின் தோல் நீரைத் தடுக்கும் தோலன்று. வெயிலில் விடப்பட்ட தவளை விரைவில் உலர்ந்து இறந்துபோகும். அவ்வாறாயின், சித்திரை வெயிலில் சென்னையின் சுவர்களில் இஃது எவ்வாறு உயிர் வாழ்கிறது?

முதல் வழி இருக்கை முறை. பகலில் கைகால்களை உடலின் அடியில் மடக்கி, தாடையைச் சுவரோடு பொருத்தி, கண்களை மூடி அசையாது கிடக்கும். காற்றில் படும் தோலின் பரப்பு இதனால் குறைகிறது. அப்போது நிறமும் வெளிறும். இரண்டாம் வழி இன்னும் நுட்பமானது. தோற்சுரப்பிகளிலிருந்து கோழையும் கொழுப்பும் கலந்த நீர்மம் கசிய, தவளை தன் கைகால்களால் அதனை உடல் முழுவதும் தடவிக்கொள்கிறது. தலையில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் மனிதரைப் போன்றதே இக்காட்சி. இச்செயலை ஆராய்ந்து இந்திய, அமெரிக்க அறிவியலார் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, அவ்வாறு தடவப்படும் பூச்சு தோலிலிருந்து நீர் ஆவியாவதைக் குறைக்கிறது என்று காட்டியது.

ஆப்பிரிக்க நாணல் தவளைகளுள் ஹைப்பரோலியஸ் விரிடிஃபிளாவஸ் என்னும் இனமும் இதே இடரை எதிர்கொள்கிறது. புல்வெளிகளின் வறட்சிக் காலத்தில் அதன் குஞ்சுகள் காய்ந்த தண்டுகளில் வெயில் படவே ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும். அவற்றின் தோலிலுள்ள ஒளித்தெறிப்பு அணுக்கள் வெயிலைத் திருப்பி அனுப்ப, உடல் வெண்மையாகத் தோன்றும். அங்கே ஒளியைத் தெறிக்கும் தோல். இங்கே பூசிக்கொள்ளும் மெழுகு. நீரை இழக்காதிருத்தல் என்னும் ஒரே நோக்கத்துக்கு இரு வழிகள்.

கோடையில் இத்தவளை குளியலறைகளிலும், தண்ணீர்க் குழாயின் பின்புறமும், பூந்தொட்டிகளின் அடியிலும் காணப்படுவதற்கும் இதுவே காரணம். மனிதனை நாடி அது வருவதில்லை. ஈரத்தை நாடியே வருகிறது. இரவில் வெளிவந்து கரப்பான், விட்டில், சிள்வண்டு முதலிய பூச்சிகளைப் பிடித்து உண்ணும்.

5. ஒலியும் நுரைக்கூடும்

மழை பெய்ததும் ஆண் தவளைகள் நீர்நிலையின் ஓரத்துச் செடிகளிலோ சுவரிலோ அமர்ந்து குரலெழுப்பத் தொடங்கும். தொண்டையின் கீழுள்ள ஒலிப்பையில் காற்றை நிரப்பி எழுப்பும் அவ்வொலி, கட்டையைக் கட்டையால் விரைந்து தட்டுவது போன்றது. அரிசில்கிழார் கேட்ட தேரை இவ்வினமே என்று நாம் அறுதியிட்டுக் கூறவியலாது. ஆனால் இவ்வொலியைக் கேட்டவர்க்குத் தட்டைப்பறை உவமையின் அருமை விளங்காமற் போகாது. பெண் தவளைகள் குரலைக் கொண்டே துணையைத் தேடி வருகின்றன. அதே குரல் பாம்புகளுக்கும் வழிகாட்டும். 'தவளை தன் வாயால் கெடும்' என்னும் பழமொழி ஓர் உயிரியல் உண்மையையே கூறுகிறது.

ஆண் தவளை முதுகின்மேல் பற்றியிருக்க, பெண் தவளை நீருக்கு மேலே சாய்ந்துள்ள இலையையோ, கிளையையோ, தொட்டியின் விளிம்பையோ தேர்ந்தெடுக்கிறது. பின்னர் தன் உடலிலிருந்து பிசுபிசுப்பான நீர்மத்தை வெளியிட்டு, பின்னங்கால்களால் அதனை அடித்து அடித்து நுரையாக்குகிறது. மோரைக் கடையும் மத்தைப் போல அக்கால்கள் இயங்குகின்றன. அந்நுரையினுள் முட்டைகள் இடப்பட, ஆண் தவளை அவற்றைக் கருவுறச் செய்கிறது. ஒரு கூட்டில் பல நூறு முட்டைகள் இருக்கக்கூடும். குளத்து நீரில் வெளிப்படையாக இடப்படும் தவளை முட்டைகள் பல கருநிறமானவை. நுரைக்குள் மறைந்திருக்கும் இம்முட்டைகளோ பாலாடை நிறத்தன.

நுரைக்கூடு பலவகையிலும் பயன்படுகிறது. நீரிலுள்ள மீன்களும் பூச்சிகளும் முட்டைகளை அணுக இயலாது. நுரையின் வெளிப்புறம் காற்றுப்பட்டுச் சற்று இறுகிப் பழுப்பேற, உட்புறம் ஈரமாகவே இருக்கும். நுரைக்குமிழிகளில் அடைபட்ட காற்று கருக்களுக்கு உயிர்வளியைத் தருவதோடு வெப்பத்தையும் தணிக்கிறது. சில நாள்களில் முட்டைகள் பொரிந்து, தலைப்பிரட்டைகள் நெளிய, கூட்டின் அடிப்பகுதி நீர்த்துப்போகிறது. அடுத்த மழைத்துளிகள் விழும்போது அவை ஒவ்வொன்றாய்க் கீழேயுள்ள நீரில் சொட்டுகின்றன.

கூட்டைக் கட்டிய தாய் அதனைக் காத்து நிற்பதில்லை. அது செய்யும் காப்பு முழுவதும் இடத்தைத் தேர்வதில் அடங்கியுள்ளது. கூட்டுக்கு நேர்கீழே நீர் இருத்தல் வேண்டும். அந்நீர் தலைப்பிரட்டை கால் முளைத்துக் கரையேறும் வரை வற்றாதிருத்தல் வேண்டும். அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகின்றன. இவ்விரண்டு மாதக் கணக்கே இத்தவளையின் வாழ்வையும் சாவையும் முடிவுசெய்கிறது. கட்டுரையின் பிற்பகுதிக்கு இக்கணக்கை நினைவிற்கொள்க.

6. ஆய்வுக்கூடத்தில் ஒரு வியப்பு

எளியதெனக் கருதப்படும் இத்தவளை உயிரியலின் அடிப்படை வினா ஒன்றுக்கும் துணைநின்றுள்ளது. தலைப்பிரட்டையின் வாலைத் துண்டித்தால் மீண்டும் வால் வளரும். ஒடிசாவின் உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்பதா மொகந்தி ஹெஜ்மாடியும் அவர்தம் குழுவினரும் வால் துண்டிக்கப்பட்ட தலைப்பிரட்டைகளை வைட்டமின் ஏ கலந்த நீரில் வளர்த்தனர். வால் இருந்த இடத்தில் வாலுக்கு மாறாகக் கால்கள் முளைத்தன! 1992ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழ் இதனை வெளியிட்டது. அவர்கள் முதலில் ஆராய்ந்தது யூப்பெரோடான் சிஸ்டோமா என்னும், மண்ணுள் புதைந்து வாழும் உருண்டைத் தவளை. நம் முன்னோர் சொன்ன நுணலை அது நினைவூட்டுகிறது. 1994ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் சுண்ணாம்புத் தவளையின் தலைப்பிரட்டையிலும் அவ்வியப்பு நிகழ்ந்தமை காட்டப்பட்டது.

ஓர் உறுப்பு தான் எதுவாக வேண்டும் என்பதை எவ்வாறு அறிகிறது என்னும் வினாவுக்கு இவ்வாய்வு புதிய வாயிலைத் திறந்தது. ஆய்வின் தலைவியான அம்மையார் ஒடிசி நடனத்திலும் பெயர்பெற்றவர். கலையும் அறிவியலும் இரு வேறு துறைகள் என்று கருதும் மாணவர்க்கு இது சிந்தனைக்குரியது.

7. சென்னையில் வாழிடம்

சென்னையின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. சரிவு குறைந்த இச்சமவெளியில் அம்மழைநீர் ஏரியாகவும் குளமாகவும் தாங்கலாகவும் தேங்கி நின்றது. அந்நிலப்பரப்பின் இயல்புக்கு ஏற்ப வாழப் பழகியவை இங்குள்ள தவளைகள்.

இன்று துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நெருங்கி நிற்கும் தியாகராய நகர், ஒரு காலத்தில் நீர்ப்பரப்பாக இருந்தது என்பதை அங்கு கூடும் மக்களுள் எத்தனை பேர் அறிவர்? நுங்கம்பாக்கம் தொடங்கிச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பேரேரியை ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்று வழங்கினர். 1920களில் குடியிருப்புகள் அமைக்கும் பொருட்டு அதன் மாம்பலம் பகுதி வடிக்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்றும் 'டேங்க் பண்ட் சாலை' என்றும் வழங்கும் பெயர்களில் மட்டுமே அவ்வேரி இன்று எஞ்சியுள்ளது.

ஆயினும் ஏரி போனவுடன் தவளை போய்விடவில்லை. இது நுட்பமாக நோக்கத்தக்கது. ஏரி இருந்த இடத்தில் எழுந்த தனி வீடுகளுக்குத் தோட்டம் இருந்தது, கிணறு இருந்தது, துவைகல்லும் தொட்டியும் இருந்தன. மயிலாப்பூரின் பழைய வீடுகளில் முற்றமும் பின்கட்டும் வாழைமரமும் இருந்தன. வாழையிலை சாய்ந்த ஒரு தொட்டி, இத்தவளைக்கு ஏரியின் ஒரு மூலையாகவே பயன்பட்டது. நாணலும் நீரும் தந்ததை வாழையும் தொட்டியும் தந்தன. அதனால்தான் இது காட்டுயிராக இருந்துகொண்டே வீட்டுயிராகவும் வாழ முடிந்தது.

உண்மையான இழப்பு அதன் பின்னரே நேர்ந்தது. தனி வீடுகள் அடுக்குமாடிகளாயின. தோட்டம் இருந்த இடம் வாகனம் நிறுத்துமிடமாயிற்று. மண் தெரிந்த இடமெல்லாம் சிமெண்டும் ஓடும் பரவின. கிணறு மூடப்பட்டது, தொட்டிக்குப் பதில் மூடிய கொள்கலன் வந்தது. 2003ஆம் ஆண்டில் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நிலத்தடி நீருக்கு அது பெரும்பயன் விளைவித்தது. அதனைக் குறைகூறுதல் தகாது. எனினும் நிலத்தடிக்குச் சென்ற நீரில் தலைப்பிரட்டை வாழவியலாது. இரண்டு மாதம் நிலத்தின்மேல் நிற்கும் சிறு நீரே அதற்கு வேண்டுவது. நகரம் அதனிடமிருந்து எடுத்துக்கொண்டது காட்டையன்று, அச்சிறு நீரையே.

தென்சென்னையில் அந்நீர் இன்னும் எஞ்சியுள்ள இடங்கள் சில உள. கிண்டித் தேசியப் பூங்கா, 1978ஆம் ஆண்டில் அந்நிலை பெற்றது. அதன் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டரே எனினும், உலர் பசுமைமாறாக் காடும் குளங்களும் அதனுள் அடங்கும். 1959ஆம் ஆண்டில் அக்காட்டின் ஒரு பகுதியில் தொடங்கப்பட்ட ஐ.ஐ.டி. வளாகம், அடையாற்றின் கரையிலுள்ள பிரம்மஞான சபையின் தோப்பு ஆகியன அடுத்துச் சுட்டத்தக்கவை. மழை பெய்த இரவில் இவ்விடங்களின் ஓரமாக நடந்து செல்வோர் தவளைகளின் பல்குரலை இன்றும் கேட்கலாம். தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022ஆம் ஆண்டில் பன்னாட்டு முதன்மை வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

தமிழ் மாணவர் தனியே குறித்துக்கொள்ள வேண்டியது அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய தொல்காப்பியப் பூங்கா. கட்டட இடிபாடுகளும் கழிவுநீரும் சேர்ந்து சீர்கெட்டுக் கிடந்த 58 ஏக்கர் நிலம் தூய்மை செய்யப்பட்டு, நீர்நிலைகள் தோண்டப்பட்டு, இந்நிலத்துக்குரிய மரஞ்செடிகள் நடப்பெற்று, 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அவற்றில் வாழும் மாவும் புள்ளும் மரமும் கருப்பொருள் என்றும் வகுத்தவர் தொல்காப்பியர். முதற்பொருளைத் திருத்தியமைத்தால் கருப்பொருள் தானே வந்து சேரும் என்பதற்கு அவர் பெயரால் அமைந்த பூங்காவே எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

8. கொசு என்னும் வினா

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். தொட்டியில் நீரைத் தேங்கவிட்டால் கொசு பெருகாதா? டெங்குக் காய்ச்சல் பரவும் நகரில் தவளைக்காக நீரைத் தேக்குதல் அறிவுடைமையா? இம்மறுப்பு நியாயமானது. மக்களின் உடல்நலமே முதன்மையானது என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

ஆயினும் அறிவியல் கூறுவதையும் கேட்டல் வேண்டும். இலங்கையில் ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, பலவகைத் தலைப்பிரட்டைகள் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகளை உண்கின்றன எனக் கண்டறிந்தது. அவற்றுள் சுண்ணாம்புத் தவளையின் நெருங்கிய உறவினமான பாலிபிடேட்டஸ் குருசிஜர் என்பதும் ஒன்று. மறுபுறம், கொசுப்புழுக்களை ஒழிக்க நீர்நிலைகளில் விடப்படும் கம்பூசியா என்னும் அயல்நாட்டு மீன், தலைப்பிரட்டைகளையும் சேர்த்தே உண்டுவிடுகிறது. ஒரு பகையை ஒழிக்க முனைந்து ஒரு நட்பையும் இழக்கிறோம்.

தலைப்பிரட்டை மட்டுமே கொசுவை ஒழித்துவிடும் என்று கூறுதல் மிகையாகும். எனவே எளிய நடுவழி ஒன்றைக் கூறலாம். தொட்டியின் விளிம்பில் நுரைக்கூட்டைக் கண்டால் அதனைக் கழுவாது சில நாள் விடுக. தலைப்பிரட்டைகள் நீரில் இறங்கியபின், தொட்டியின் வாயைக் கொசுவலையால் இறுக மூடுக. கொசு உட்புகாது, தலைப்பிரட்டைகளின் வளர்ச்சிக்கும் தடையில்லை. அவற்றுக்கு முன்னங்கால்களும் தோன்றிய பின் வலையை விலக்கி, ஒரு குச்சியை நீரிலிருந்து விளிம்புக்குச் சாய்த்து வைத்தால் போதும். அவை தாமே ஏறிச் சென்றுவிடும். பின் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொள்ளலாம்.

தவளையைப் பற்றிய வேறு அச்சங்களும் நம்மிடையே உண்டு. உள்ளீடற்ற தேங்காயைத் 'தேரை விழுந்த தேங்காய்' என்பர். மகரந்தச் சேர்க்கைக் குறையும் ஊட்டக் குறையும் போன்றவற்றால் நேரும் கேட்டுக்குத் தேரையின்மேல் பழி விழுந்தது. நீரும் பூச்சியும் நாடித் தென்னையில் ஏறியதைத் தவிர அது வேறு குற்றம் செய்ததில்லை.

முடிவுரை

உலகின் நீர்நில வாழ்விகளைப் பற்றிய இரண்டாம் பெருமதிப்பீடு 2023ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களை ஆராய்ந்த அம்மதிப்பீடு, அவற்றுள் ஏறத்தாழ 41 விழுக்காடு அழிவின் அச்சுறுத்தலில் உள்ளது என்று கூறியது. பறவைகளைக் காட்டிலும் பாலூட்டிகளைக் காட்டிலும் நலிவுற்ற உயிர்க்கூட்டம் இதுவே. சுண்ணாம்புத் தவளை அப்பட்டியலில் இடம்பெறவில்லை. அது கவலைக்கிடமற்ற இனமாகவே வகைப்படுத்தப்பட்டுள்ளது. இவ்வளவில் மகிழலாம்.

ஆனால் ஓர் இனம் உலகில் வாழ்வது வேறு. ஒரு தெருவில் வாழ்வது வேறு. நாட்டின் எங்கோ ஒரு சிற்றூரில் இத்தவளை ஒலித்துக்கொண்டிருக்க, மயிலாப்பூரின் ஒரு தெருவில் அவ்வொலி அவிந்துபோகலாம். அவ்வாறு அவிவதை எந்தப் பட்டியலும் குறிக்காது. அத்தெருவில் வளரும் பிள்ளை, பேயனாரின் கார்காலப் பாடலைப் பொருளுரையின் துணைகொண்டு மட்டுமே படிக்கும். காதின் துணைகொண்டு படிக்காது. தட்டைப்பறைக்கும் உரை வேண்டும். தேரைக்கும் உரை வேண்டும் என்னும் நிலை வந்தால், உவமையின் இரு புறமும் இருண்டுவிடும். ஆகவே இத்தவளையைக் காத்தல் விலங்கியல் துறைக்கு மட்டும் உரிய கடமையன்று. தமிழ் பயில்வோர்க்கும் அதில் பங்குண்டு.

இத்தவளை நம்மிடம் கேட்பது மிகச் சிறிது. சாய்ந்த ஓர் இலை, அதன்கீழ் இரண்டு மாதம் நிற்கும் சிறிதளவு நீர். அடுத்த ஐப்பசியில் தொட்டியின் விளிம்பில் வெண்ணுரை ஒன்றைக் காணும் மாணவர், துடைப்பத்தை எடுக்குமுன் ஒரு கணம் குனிந்து நோக்குவாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயன் நிறைவேறியதாகும்.